சென்னைக்கு எத்தனை மணி நேரம்?

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்களில் பல, எங்கட மதுரங்குளியைத் தாண்டித்தான் போகும். போர் முடிந்த பிறகும் பல வருசமா, அதில் சென்னைக்குப் போகிற ஆக்களும் இருந்தார்கள்.

வரைபடத்தைப் பாருங்கள். பலாலியிலிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். கட்டுநாயக்கவிலிருந்து சுமார் 650. அவர்களோ ஓர் இரவு முழுக்கத் தெற்கே வந்து, விமானம் ஏறி, திரும்ப வடக்கே பறந்தார்கள்.

முன்பு அப்படி இல்லை. 1947 டிசம்பர் 10இல் ஏர் சிலோனின் முதல் விமானமான டகோட்டா, இரத்மலானையில் கிளம்பி, பலாலியில் இறங்கி, மெட்ராஸ் போனது. பிறகு போர் வந்தது, பலாலி படைத்தளமானது, சுற்றியிருந்த ஊர்ச்சனம் இடம்பெயர்ந்தது.

2019 அக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில்தான் மீண்டும் வந்தது. இப்போது ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

அதனால யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு எத்தனை மணி நேரம் என்று யாராவது கேட்டால், கிலோமீட்டரை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல ஏலாது. எந்த வருசத்தில் என்றும் கேட்க வேணும்.