நோன்பு திறக்கும் பந்தியில் ஒரு வெண்ணெய்ப்பழம்

சென்ற ரமளானில் ஒரு மாலை. நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவில் நோன்பு திறக்க அமர்ந்திருந்தோம். பேரீச்சம்பழம், கஞ்சி, வடை ஆகியவற்றோடு இளம்பச்சை நிறத்தில் ஒரு பானமும் அன்று வந்திருந்தது. மாணவன் ஒருவனின் தாயார் வெண்ணெய்ப்பழத்தைப் பாலோடு அடித்து அனுப்பியிருந்தார். பந்தியில் இருந்த பெரியவர் ஒருவர் குவளையைத் தள்ளி வைத்து, "இதெல்லாம் நம்ம சாப்பாடா? வெள்ளைக்காரன் பழம்" என்றார். அதில் தீய நோக்கம் ஏதுமில்லை. ஆயினும் அச்சிறுவனின் முகம் வாடிவிட்டது. மறுநாள் வகுப்பில் அவனே கேட்டான்: "உஸ்தாத், நம்ம சாப்பாடுன்னா எது?"

அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே சற்று விரிவாக எழுத முனைகிறோம்.

யாருடைய பழம்?

முதலில், இது வெள்ளைக்காரரின் பழமன்று. இதன் தாயகம் மெக்சிகோவும் அதனை ஒட்டிய நடு அமெரிக்க நிலங்களுமாகும். மெக்சிகோவின் புவெப்லா பகுதியிலுள்ள கோஷ்கட்லான் குகையில், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் இதனை உண்டதற்கான தடயங்கள் கிடைத்துள்ளன. அஸ்டெக் மக்கள் தம் நாவாட்டல் மொழியில் இதனை 'அவகாட்ல்' என்றனர். பழத்தை மசித்து, தக்காளியும் மிளகாயும் சேர்த்து அவர்கள் செய்த துவையலே 'அவகாமொல்லி'. இன்று உலகமெங்கும் 'குவாக்காமோலே' எனப்படுவது அதுவே.

இன்னொரு செய்தி நம் இல்லத்தரசிகளுக்கு வியப்பளிக்கக்கூடும். தாவரவியலார் இம்மரத்தை இலவங்கப்பட்டையின் குடும்பத்தில் சேர்க்கின்றனர். பிரியாணிக்குத் தாளிக்கும் பட்டைக்கு இது உறவுமுறை!

செவில் நகரமும் எலுமிச்சையும்

இப்பழத்தைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய முதல் குறிப்பு, மார்ட்டின் பெர்னாண்டஸ் தே என்சிசோ என்பவரின் புவியியல் நூலில் உள்ளது. 1519ஆம் ஆண்டு அந்நூல் அச்சான இடம் ஸ்பெயினின் செவில் நகரம். நம் வரலாற்றில் அதற்கு இஷ்பீலியா என்று பெயர். 1248இல் கஸ்தீலியரிடம் வீழும் வரை அது அந்தலுஸின் முதன்மையான நகரங்களுள் ஒன்று. 12ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த இப்னுல் அவ்வாம், வேளாண்மை குறித்துப் பெருநூல் ஒன்று எழுதினார். நீர்ப்பாய்ச்சல், ஒட்டுக் கட்டுதல், எலுமிச்சை இன மரங்களின் வளர்ப்பு என அதில் விளக்கப்படாதது குறைவு.

எலுமிச்சை இன மரங்கள் பலவற்றை ஆசியாவிலிருந்து மேற்கே கொண்டு சென்று, மத்தியதரைக் கடல் நாடுகளிலும் அந்தலுஸிலும் பரப்பியவர்கள் முஸ்லிம்களே. அரபியின் 'லைமூன்' என்ற சொல்லே ஸ்பானிய மொழியில் 'லிமோன்' ஆயிற்று. 1493இல் கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் அவ்வின விதைகளைக் கரீபியத் தீவுகளுக்குக் கொண்டு சென்றார். வெங்காயமும் கொத்தமல்லியும் ஸ்பானியர் வழியே அமெரிக்கா சேர்ந்தன. அவற்றின் பின்னரே மெக்சிகோவின் அத்துவையல் இன்றைய வடிவத்தை அடைந்தது. வெண்ணெய்ப்பழத்தை வெட்டியவுடன் காற்றுப்பட்டு அது கறுக்கத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு அதனைத் தாமதப்படுத்தும். ஆக, மெக்சிகோ வீட்டுக் கிண்ணத்தில் அப்பழத்தின் நிறத்தைக் காப்பதில், நம் முன்னோர் பரப்பிய ஒரு கனிக்கும் பங்குண்டு. இதில் 'அவர்களுடையது' எது, 'நம்முடையது' எது?

வழக்கறிஞரும் யானையும்

அவகாட்ல் என்ற சொல் ஸ்பானியர் நாவில் 'அகுவாகாத்தே' ஆனது. பின்னர் அது வழக்கறிஞரைக் குறிக்கும் சொல்லோடு ஒலியில் கலந்துவிட்டது. பிரெஞ்சில் 'அவோகா' என்றால் இன்றும் பழமும் உண்டு, வழக்கறிஞரும் உண்டு. டச்சுக்காரரின் 'அட்வகாட்' இந்தோனேசியாவில் 'அல்புகாட்' ஆயிற்று.

இலங்கையின் கதை இன்னும் சுவையானது. ஆங்கிலேயர் இதனை 'அலிகேட்டர் பேர்', அதாவது முதலைப் பேரி என்றனர். அது சிங்களத்தில் 'அலிகெட்ட பேர' எனத் திரிந்தது. சிங்களத்தில் 'அலி' என்றால் யானை. 'பேர' என்றால் கொய்யா. தமிழில் இதற்கு 'ஆனைக்கொய்யா' என்ற பெயர் அவ்வழியே வந்தது என்பர். கொழும்பில் கடை வைத்திருந்த எம் பாட்டனார் கடைசி வரை அப்பெயரைத்தான் சொன்னார்.

பந்திக்கு வந்த விதம்

தாயகத்தில் உப்பும் காரமும் சேர்த்து உண்ணப்படும் இப்பழம், முஸ்லிம் நாடுகள் பலவற்றில் இனிப்புப் பானமாயிற்று. இந்தோனேசியாவில் கண்ணாடிக் குவளையின் உட்புறத்தில் சாக்லேட் கலந்த கெட்டிப்பாலைக் கோடுகளாக ஓடவிட்டு, பனிக்கட்டியோடு அடித்த பழக்கூழை அதில் ஊற்றுவர். ரமளான் மாலைகளில் அதற்குத் தனி வரவேற்பு உண்டு. மொரோக்கோவிலும் பாலும் சர்க்கரையும் சேர்த்த வெண்ணெய்ப்பழப் பானம் நோன்பு திறக்கும் விரிப்பில் இடம்பெறும். அந்நாட்டின் வடபகுதியில் பேரீச்சம்பழம், பாதாம் முதலியவற்றைச் சேர்த்து 'ஸஅஸஅ' என்ற பெயரில் கெட்டியாகச் செய்வர். இலங்கையில் மசித்த பழத்தில் சர்க்கரையோ கித்துள் பாணியோ விட்டு உண்பது எளிய வழக்கம்.

தென்னிந்தியாவுக்கு இம்மரம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து வந்தது. இன்று கீழ்ப்பழனி மலைகளிலும் நீலகிரியிலும் குடகிலும் காப்பித் தோட்டங்களுக்கு இடையே இது வளர்கிறது. கொடைக்கானல் சாலையோரம் 'பட்டர் ஃப்ரூட்' என்று கூவி விற்பது இதனைத்தான். தடியன்குடிசையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் 'டி.கே.டி.1' என்ற இரகத்தையே வெளியிட்டுள்ளது. கலிபோர்னியாவின் ருடால்ப் ஹாஸ் 1935இல் காப்புரிமை பெற்ற, கறுத்த தோலுடைய இரகமே இன்று உலகச் சந்தையை ஆள்கிறது. இங்கே அதன் விலை அதிகம். மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்தில் இப்பழத்திற்காகக் காடுகள் அழிக்கப்படுகின்றன. வன்முறைக் கும்பல்கள் விவசாயிகளிடம் பணம் பறிக்கின்றன. சிலியின் பெத்தோர்கா பகுதியில் தோட்டங்கள் நீரை உறிஞ்ச, ஊர் மக்கள் தண்ணீர் லாரியை எதிர்பார்த்து நிற்கின்றனர். நம் மலையின் பழம் கையில் இருக்க, நமக்கு அது போதாதா?

நபிவழியில் ஒரு பாடம்

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில், பொரித்த பாலைநில உடும்பு நபி (ஸல்) அவர்களின் முன் வைக்கப்பட்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். அது இன்னதென்று தெரிந்ததும் நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் கேட்டபோது, இல்லையென்றும், தம் சமூகத்தாரின் நிலத்தில் அது இல்லாததால் மனம் ஒப்பவில்லையென்றும் விளக்கினார்கள். காலித் (ரலி) அவர்கள் அதனை உண்டார்கள், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடும்பின் சட்டத்தில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாம் இங்கே எடுத்துக்கொள்வது அந்த நடத்தையை. பழக்கமில்லாமை வேறு, ஆகாதது வேறு. தமக்குப் பிடிக்காததை அவர்கள் விட்டுவிட்டார்கள். விரும்பி உண்டவரை நாணச் செய்யவில்லை. எந்த உணவையும் அவர்கள் குறை கூறியதில்லை என்பதும் ஹதீஸில் வந்துள்ளது.

ஆகவே ஓர் உணவு எந்த ஊரிலிருந்து வந்தது என்பதன்று நம் அளவுகோல். அது ஹலாலானதா, தூய்மையானதா, அதில் வீண்விரயம் இல்லையா என்பவையே கேள்விகள். இங்கே தாய்மார்களுக்கும் ஒரு சொல். 100 கிராம் வெண்ணெய்ப்பழத்தில் ஏறத்தாழ 15 கிராம் கொழுப்பு உண்டு. இயற்கைச் சர்க்கரையோ 1 கிராமுக்கும் குறைவு. எனவே பானத்தின் இனிப்பெல்லாம் நாம் கொட்டுவதுதான். நீரிழிவு மலிந்த நம் குடும்பங்களில் கெட்டிப்பாலைத் தவிர்ப்பது நல்லது. ஊறவைத்த பேரீச்சம்பழம் நான்கைப் பாலோடு அடித்தால் போதும். அதையும் நீரிழிவு உள்ளவர்கள் அளவோடு பருகட்டும். காய் மரத்தில் பழுப்பதில்லை. பறித்த பின்னரே கனியும். கல்லாக இருந்தால் வாழைப்பழத்தோடு சேர்த்துக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். அவசரத்தில் வெட்டிக் குப்பையில் எறியாதீர்கள்.

அச்சிறுவனின் கேள்விக்கு அன்று வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தோம். நோன்புக் கஞ்சியில் அமெரிக்காவிலிருந்து வந்த பொருள்களை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? வீட்டில் கேட்டு வந்து அவன் சொன்னான்: "தக்காளியும் பச்சை மிளகாயும் போயிடும், உஸ்தாத்." போர்ச்சுக்கீசியர் மிளகாயைக் கொண்டுவரும் வரை காரத்திற்கு நமக்கு மிளகுதான் என்று கூறினோம். அவன் அதனை அந்தப் பெரியவரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறான்.

27ஆம் நோன்பன்று அத்தாயார் மீண்டும் அப்பானத்தை அனுப்பினார். பெரியவர் குவளையைக் கையில் எடுத்து, பாதி பருகி, சிறுவனை அருகே அழைத்தார். "உம்மாக்கிட்டச் சொல்லு, இன்னும் ரெண்டு பேரீச்சம்பழம் போடலாம்னு" என்றார்.