கல்முனை வயல்களும் சராசரி விளைச்சலும்

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் வயல்வெளிகளின் விளைச்சலை விதானைமாரும் (நீர்ப்பாசன அதிகாரிகள்) போடிமாரும் (பெருநிலக்காரர்) கண்மதிப்பாகச் சொல்லிவந்த காலத்தில், அதைச் சோதிக்கும் வழி அரிதாகவே இருந்தது. 1950களின் தொடக்கத்தில் தொகைமதிப்பு புள்ளிவிபரவியல் திணைக்களம், எழுமாற்றாகத் தெரிந்த சிறு துண்டுகளில் மட்டும் கதிரறுத்து நிறுக்கும் மாதிரி அறுவடையைக் கொண்டுவந்தபின், ‘ஏக்கருக்கு இத்தனை புசல்’ என்னும் கூற்றைச் சூனியக் கருதுகோளாக, அதாவது எதிர்ச்சான்று கிடைக்கும்வரை தள்ளப்படாத கூற்றாக, வைத்துப் பார்க்க இயன்றது. மாதிரிச் சராசரிக்கும் கூறப்பட்ட சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை நியம வழுவால், அதாவது மாதிரிக்கு மாதிரி சராசரி தளம்பும் அளவால், வகுத்து வரும் எண் மிகப் பெரிதாயின் கூற்று வீழும். துண்டுகள் சிலவேயெனில், பார்லித் தரவுகளோடு உழைத்த புள்ளிவிபரவியலாளர் கொசெட் 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்ட முறையே பொருந்தும். ஆனால் எழுமாற்றாகத் தெரியாமல், நீர் முதலில் பாயும் வாய்க்கால் தலைப்பு வயல்களை மட்டும் அறுத்து நிறுத்தால் எந்தச் சூத்திரமும் உதவாது.