பெயர் எழுதின ஆல்பம், எழுதாத ஆல்பம்: மிஷன் பயணப் படங்களோட கதை

சர்ச்சுல இருந்து வெளிநாட்டுக்கு மிஷன் ட்ரிப் போயிட்டு வந்தவங்க பலரும் ஒரு ஸ்கிராப்புக் ஆல்பம் பண்ணுவாங்க. போர்டிங் பாஸ், அந்த ஊர் ரூபாய் நோட்டு ஒண்ணு, சின்னப் பசங்களோட எடுத்த குரூப் போட்டோ, பக்கத்துல கலர் பேனாவால எழுதின ஒரு வசனம். பார்க்க அழகா இருக்கும். இன்னைக்கு எபிசோடுல அந்த ஆல்பம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பார்ப்போம். ஒரு எழுத்தாளர், ஒரு மிஷனரி அம்மா, ஒரு ஊர்த்தலைவர்னு மூணு பேர் வருவாங்க. மூணாவது ஆளுகிட்ட கேமரா கிடையாது. ஆனா என்னைப் பொறுத்தவரைக்கும் இருக்கிறதிலேயே நல்ல ஆல்பம் அவரோடதுதான்.

1867, ஜூன் மாசம். நியூயார்க் துறைமுகத்துலேர்ந்து 'குவேக்கர் சிட்டி'ங்கிற நீராவிக் கப்பல் கிளம்புது. ஐரோப்பா போய், அங்கேர்ந்து புனித பூமி. புரூக்ளின்ல இருந்த பிளிமத் சர்ச் வட்டாரத்துல உருவான திட்டம் இது. டிக்கெட் 1,250 டாலர். அந்தச் சர்ச்சோட பிரபல போதகர் ஹென்றி வார்ட் பீச்சர் கூட வருவார்னு சொல்லித்தான் ஆள் சேர்த்தாங்க. கடைசில அவர் வரல. வந்தவங்கள்ல ஒருத்தர் 31 வயசுப் பத்திரிகைக்காரர். அவரோட டிக்கெட் காசை சான் பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒண்ணு கட்டுச்சு. அவர்தான் மார்க் ட்வெய்ன்.

இது மிஷன் ட்ரிப் இல்ல, பாதி யாத்திரை பாதி சுற்றுலா. ஆனா சர்ச் குரூப் ஒண்ணு வெளிநாடு போனா என்னென்ன நடக்குமோ எல்லாம் அதுல நடந்துச்சு. கப்பல் கிளம்பின புதுசுல எல்லாரும் விழுந்து விழுந்து டைரி எழுதினாங்க. கொஞ்ச நாள்லயே பலரும் விட்டுட்டாங்க. போன இடத்துல எல்லாம் ஞாபகார்த்தமா கல்லை உடைச்சுப் பையில போட்டுக்கிட்டாங்க. இதையெல்லாம் ட்வெய்ன் 1869-ல வந்த தன்னோட புத்தகத்துல கிண்டலடிச்சிருக்கார். ஆனா அந்த ஊர்கள்ல வாழ்ந்த மக்களை எப்படிப் பார்த்தார்? பெரும்பாலும் அவங்களும் கிண்டலுக்குத்தான். கல்லு வீடு வந்து சேர்ந்துச்சு, மனுஷங்க பின்னணியிலேயே நின்னுட்டாங்க.

ட்வெய்னுக்கு ஸ்கிராப்புக் ஒட்டுற பழக்கம் ரொம்ப உண்டு. அப்பல்லாம் பசை டப்பாவும் பிரஷ்ஷும் இல்லாம ஒட்ட முடியாது. பசை காய்ஞ்சு போகும், இல்லன்னா வழிஞ்சு பக்கமெல்லாம் ஒட்டிக்கும். இந்தக் கடுப்புல அவர் ஒரு தீர்வு கண்டுபிடிச்சார். பக்கத்துலேயே கோடு கோடா பசை பூசி வச்சிடுறது. தபால்தலை மாதிரி ஈரம் பண்ணி ஒட்டுனா போதும். 1873-ல இதுக்கு அமெரிக்காவுல காப்புரிமை வாங்கினார். நல்லாவும் வித்துச்சு. உலகம் அவரை நாவலுக்காக ஞாபகம் வச்சிருக்கு. ஆல்பம் பண்றவங்க இதுக்காகவும் ஞாபகம் வச்சுக்கலாம்.

ஒட்டுறது சுலபமாச்சு. அடுத்து படம் எடுக்கிறதும் சுலபமாச்சு. 1888-ல கோடாக் கேமரா வருது. 25 டாலர், உள்ளேயே 100 படத்துக்கு ஃபிலிம் சுருள். எடுத்து முடிச்சா கேமராவை அப்படியே கம்பெனிக்கு அனுப்பணும், அவங்க கழுவி பிரிண்ட் போட்டு, புது ஃபிலிம் மாட்டித் திருப்பி அனுப்புவாங்க. 1900-ல பிரௌனி வந்தப்போ விலை 1 டாலர். தொழில்முறைக்காரங்க கையில இருந்த கேமரா சாதாரண மிஷனரி கைக்கும் வந்துடுச்சு.

அந்தப் படங்களை யார் பார்த்தாங்க? ஊர்ல இருந்த சபை. மிஷன் பத்திரிகையில அச்சாகும், ஆல்பத்துல ஒட்டுவாங்க, இல்லன்னா மேஜிக் லாண்டர்ன்ல காட்டுவாங்க. மேஜிக் லாண்டர்ன்னா இன்னைக்கு புரொஜெக்டரோட தாத்தா: கண்ணாடித் தகட்டுல படம், பின்னாடி விளக்கு, முன்னாடி வெள்ளைத் திரை. நோக்கம் ரெண்டு: ஜெபம், காணிக்கை. அதனால படங்களுக்கும் ஒரு வார்ப்பு உருவாச்சு. கிழிஞ்ச துணியில ஒரு பையன், அடுத்து வெள்ளைச் சட்டையில பள்ளிக்கூட வரிசை. 'முன்பு, பின்பு'. கீழே குறிப்பு எழுதும்போது மிஷனரி பேர் முழுசா இருக்கும். பக்கத்துல நிக்கிறவங்க பல தடவை 'பள்ளிச் சிறுமி', 'உள்ளூர்க் குடும்பம்'னுதான் இருப்பாங்க. நம்ம பாஷையில சொன்னா, டேபிள்ல பேருக்குன்னு ஒரு காலம் இருக்கு, ஆனா ஒரு பக்கத்து ஆளுங்களுக்கு மட்டும் எப்பவும் காலியா விட்டிருக்கு.

இந்த வார்ப்பை உடைச்ச படம் ஒண்ணு காங்கோவுலேர்ந்து வந்துச்சு.

ஆலிஸ் சீலியும் ஜான் ஹாரிஸும் இங்கிலாந்துக்காரங்க. 1898 மே மாசம் கல்யாணம், நாலு நாள்ல காங்கோவுக்குக் கப்பல். அன்னைக்கு காங்கோ ஒரு நாட்டோட காலனி கூட இல்ல. பெல்ஜிய மன்னர் லியோபோல்டோட தனிச் சொத்து. 1885-லேர்ந்து அப்படித்தான். சைக்கிள் டயருக்கும் கார் டயருக்கும் உலகமே ரப்பர் கேட்ட காலம். காட்டுக் கொடியிலேர்ந்து ரப்பர் பால் எடுத்து ஒவ்வொரு ஊரும் இவ்வளவுன்னு கட்டணும். கட்டலன்னா ஆயுதம் வச்ச காவலாளிங்க வருவாங்க. தோட்டாவை வேட்டைக்கு வீணாக்கலன்னு காட்ட, சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு வலது கையைக் கணக்கு காட்டணும். கை வெட்டுறது அங்கே ஒரு கணக்குப் பதிவாவே ஆயிடுச்சு.

1904, மே 14. பாரிங்கா மிஷன் வீட்டுக்கு ஒருத்தர் இலையில சுத்தின ஒரு சின்னப் பொட்டலத்தோட வர்றார். அவர் பேர் ன்சாலா. மூக்கொலியில ஆரம்பிக்கிற பேரு, ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. ஊர் வாலா. ரப்பர் கம்பெனி காவலாளிங்க அவரோட மனைவியையும், போவாலிங்கிற அஞ்சு வயசு மகளையும் கொன்னுட்டாங்க. பொட்டலத்துல இருந்தது அந்தக் குழந்தையோட ஒரு கையும் ஒரு பாதமும். ஆலிஸ் அவரை வராந்தாவுல உட்கார வச்சு படம் எடுத்தாங்க. படத்துல ன்சாலா கேமராவைப் பார்க்கல. முன்னாடி கிடக்கிறதைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கார். அவ்வளவுதான் படம்.

அதே வருஷம் மார்ச்சுல எட்மண்ட் மோரல்ங்கிறவர் இங்கிலாந்துல காங்கோ சீர்திருத்தச் சங்கத்தை ஆரம்பிச்சிருந்தார். பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட்டோட அறிக்கையும் அப்பதான் வெளியாகியிருந்துச்சு. அறிக்கையைப் படிச்சவங்க கொஞ்சம் பேர், படத்தைப் பார்த்தவங்க ரொம்பப் பேர். ஹாரிஸ் தம்பதி பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும் ஊர் ஊரா லாண்டர்ன் கூட்டம் நடத்தினாங்க. காணிக்கைக்காகப் பிறந்த அதே விளக்கு, அதே சர்ச் ஹால். இப்ப அது ஒரு ராஜாவுக்கு எதிரான சாட்சி.

1905-ல நம்ம பழைய ஆள் திரும்ப வர்றார். லியோபோல்ட் தனியா புலம்புற மாதிரி மார்க் ட்வெய்ன் ஒரு நையாண்டிப் பிரசுரம் எழுதினார். அதுல ராஜாவுக்கு எரிச்சலே கேமரா மேலதான். மத்த எல்லாரையும் சமாளிச்சவருக்கு இதை மட்டும் சமாளிக்க முடியல. வித்து வந்த பணம் சீர்திருத்தச் சங்கத்துக்கு. சர்ச் குரூப்போட கப்பல் ஏறி அந்த ஊர் மக்களைக் கிண்டல் பண்ணின அதே ஆள், ஒட்டுறதுக்கு ஆல்பம் வித்த அதே ஆள், 38 வருஷம் கழிச்சு ஒரு மிஷனரி படத்தோட பக்கம் நிக்கிறார்.

அந்தப் படம் ஏன் தாக்குப்பிடிச்சுச்சு? கொடூரமா இருந்ததாலன்னு சுலபமா சொல்லிடலாம். எனக்கு அப்படித் தோணல. ஆள் பேர், குழந்தை பேர், ஊர், தேதி, எந்தக் கம்பெனியோட காவலாளி, எல்லாம் அதோட சேர்ந்தே வந்துச்சு. அந்தப் பிரசாரத்துல சுத்தின இன்னொரு படத்தைப் பாருங்க: கை இழந்த ரெண்டு இளைஞர்கள், மோலா, யோக்கா. வெறும் படத்தைப் பார்த்தா ரெண்டு பேருக்கும் ஒரே கதைன்னு நினைப்போம். குறிப்பைப் படிச்சாதான் தெரியும்: சிப்பாய்ங்க இறுக்கிக் கட்டினதுல அழுகிப்போன கைகள் மோலாவோடது, கொன்னுட்டதா கணக்குக் காட்ட வெட்டின கை யோக்காவோடது. கேப்ஷன் இல்லன்னா ரெண்டு தனித்தனி குற்றமும் ஒரே பரிதாபமா கலந்து போயிருக்கும். பரிதாபத்தைப் பார்த்தா காணிக்கை போடுவோம். குற்றம்னு தெரிஞ்சாதான் யார் பண்ணினதுன்னு கேட்போம்.

இப்ப அந்த மூணாவது ஆள். கண்டனம் தாங்காம லியோபோல்டே ஒரு விசாரணைக் கமிஷன் போட்டார், தனக்குச் சாதகமா முடியும்ங்கிற நம்பிக்கையில. கமிஷன் முன்னாடி சாட்சி சொல்ல போலிமா ஊர்த்தலைவர் லொன்டுலு வந்தார். எழுத்தோ படமோ எதுவும் கொண்டு வரல. 110 குச்சிகளை மேஜையில வச்சார். ரப்பருக்காகக் கொல்லப்பட்ட தன் ஊர் ஆட்கள், ஒருத்தருக்கு ஒரு குச்சி. பெரிய மனுஷங்க, ஆண்கள், பெண்கள், குழந்தைகள்னு நாலு குவியல். அப்புறம் ஒவ்வொரு குச்சியா எடுத்து, அது யாருன்னு பேர் சொன்னார்.

110 பேர், 110 பேரு. அதுல 'உள்ளூர்வாசி'ன்னு ஒரு குச்சி கூட இல்ல.

கமிஷன் அறிக்கை ராஜா எதிர்பார்த்த மாதிரி வரல, குற்றச்சாட்டுகளை உறுதி பண்ணுச்சு. 1908 நவம்பர்ல காங்கோ அவர் கையை விட்டுப் போச்சு. ஆனா போனது பெல்ஜிய அரசாங்கத்துக்குத்தான், காங்கோ மக்களுக்கு இல்ல. கட்டாய உழைப்பு வேற வேற வடிவத்துல தொடர்ந்துச்சு. இன்னொண்ணும் சொல்லணும்: லாண்டர்ன் மேடையில ஹாரிஸ் தம்பதி பேசினாங்க, ன்சாலா பேசல. ஆலிஸ் 1970-ல, 100 வயசுல இறந்தாங்க. அவங்க வாழ்க்கையைத் தேதி தேதியா சொல்ல முடியுது. ன்சாலாவுக்கு அந்த ஒரு நாள் மட்டும்தான் பரவலா தெரியுது.

சரி, 2 வாரம் மிஷன் ட்ரிப் போய் ஒரு ஸ்கூலுக்குப் பெயின்ட் அடிச்சிட்டு வந்தவங்க ஆல்பத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அளவுதான் வேற, காலி காலம் அதேதான். 'எங்க டீம்'னு போட்டு அத்தனை பேர் பேரும் எழுதுவோம். சமைச்சுப் போட்ட அக்கா, வண்டி ஓட்டின அண்ணன், மொழிபெயர்த்துச் சொன்ன தம்பி, இவங்க எல்லாரும் 'லோக்கல் ஃபிரெண்ட்ஸ்'. பத்து வருஷம் கழிச்சு அந்தப் பக்கத்தைத் திறக்கிறவங்களுக்கு யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரங்கன்னே தெரியாது.

அதனால ஆல்பம் பண்றவங்களுக்கு நாலு வேலை. ஒண்ணு, படம் எடுக்கும்போதே கேட்டு, பேரையும் எப்படி உச்சரிக்கணும்னும் எழுதிக்குங்க. போன் தேதியைச் சேமிக்கும், ஆன் பண்ணியிருந்தா இடத்தையும் சேமிக்கும். ஆள் பேரை அதுவா சேமிக்காது. படத்தை வாட்ஸ்ஆப்ல போட்டோவா அனுப்பினா அந்தத் தேதி, இடத் தகவலும் உதிர்ந்துடும், அதனால ஒரிஜினலை வச்சுக்குங்க. ரெண்டு, 'கீழே என்ன எழுதலாம்?'னு அவங்களையே கேளுங்க. அவங்க சொல்ற வாக்கியத்தையே எழுதுங்க. மூணு, ஒரு பிரதி அவங்க வீட்டுக்கும் போகணும். நாலு, சின்னப் பசங்க பேரும் ஊரும் வீட்டு ஆல்பத்துல இருக்கலாம், அதுவும் பெத்தவங்ககிட்ட கேட்டுட்டு. இன்ஸ்டாவுல வேண்டாம். பேர் எழுதுறது மரியாதை, ஆனா அந்தப் பேர் எங்கெல்லாம் போகணும்னு தீர்மானிக்கிற உரிமை அந்தப் பேருக்குச் சொந்தக்காரங்களோடது.

ஸ்டிக்கர், வாஷி டேப், கலர் பேப்பர் எல்லாம் அப்புறம். ட்வெய்ன் பசைப் பிரச்சினையை 1873-லேயே தீர்த்துட்டார். மிச்சம் இருக்கிறது கேப்ஷன் பிரச்சினை, அதுக்கு ஒரு பேனா போதும்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.