கணக்குத் தெரிந்தவர் கொடுத்த விலை

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று இயேசு கேட்பது லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் வருகிறது. தன் பின்னால் வந்த கூட்டத்திடம் சொன்னது. வங்கி வேலை பார்ப்பவன் என்பதாலோ என்னவோ, எனக்குப் பிடித்த இடம் இது. அப்படிக் கணக்குப் பார்த்து, முழுத் தொகையையும் கட்டிய ஒருவர் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்.

கோலார் தங்கவயலில் நாங்கள் இருந்த நந்திதுர்க் பக்கம் தேவசகாயம் என்ற பெயர் சர்வசாதாரணம். ஆனால் பெயருக்குப் பின்னால் உள்ள கதை பலருக்குத் தெரியாது.

1712-ல் இன்றைய குமரி மாவட்டத்தின் நட்டாலத்தில் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் உத்தியோகம். குலம், செல்வாக்கு, எல்லாம் உண்டு. 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு அதே மன்னரின் படைத்தளபதியான, டச்சுப் படையிலிருந்த டிலனாய் இவருக்கு நண்பரானார். மாடுகள் செத்து மனம் நொந்திருந்தபோது டிலனாய் சொன்ன யோபுவின் கதைதான் இவரைத் திருப்பியது என்பார்கள். 1745 மே 14-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்பதைத் தமிழாக்கி வைத்த பெயர்தான் தேவசகாயம்.

சும்மா கோயிலுக்குப் போய்வந்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சமமாகப் பழகினார், உட்கார்ந்து சாப்பிட்டார். அதுதான் பொறுக்கவில்லை. 1749-ல் கைது. எருக்கம்பூ மாலை போட்டு எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். அடித்த புண்ணில் மிளகாய்ப்பொடி தடவினார்கள். மூன்று வருஷம். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். (அவர் தண்டிக்கப்பட்டது மதத்துக்காக அல்ல, வேறு குற்றங்களுக்காக என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களும் உண்டு.) உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் இருக்கிறது.

அப்புறம் நடந்ததுதான் வேதனை. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலில் வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம்! நடுவே தடுப்பு. 1910-ல் பாதிரியார்கள் அதை இடித்தபோது, தடுப்பு வேண்டும் என்று ஒரு தரப்பார் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். ஒருவர் உயிரைக் கொடுத்து விட்டதை, அவரைக் கும்பிடுகிறவர்கள் வக்கீலுக்குப் பணம் கொடுத்துத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள்.

2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர். சாதிப் பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் பிள்ளை என்பதை ஏற்கனவே நீக்கிவிட்டார்கள்.

பெயரில் நீக்குவது சுலபம். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்கத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். அவர்கள் பிள்ளைகள் படித்து உலகமெங்கும் போய்விட்டோம். இங்கே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கைகுலுக்கும் நம்மவர்கள், கல்யாணப் பேச்சு வந்ததும் மெதுவாகக் கேட்கிறார்கள்: "சொந்த ஊர்ல நீங்க எந்தத் தெரு?"

சீடத்துவத்தின் விலை எல்லோருக்கும் துப்பாக்கிக் குண்டு இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் பெண் கொடுப்பதும் பெண் எடுப்பதும் போதும். நாம் இன்னும் கட்டாத பாக்கி அதுதான்.