கொல்லன் பட்டறையும் ‘த்ரீ நாட் த்ரீ’யும்

முன்னாள் படைவீரர் மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டபோது, தமிழ் படித்தவனுக்குத் துப்பாக்கியோடு என்ன பேச்சு என்று ஒதுங்கத்தான் நினைத்தேன். படைக்கலம் பற்றிப் பேச ஔவைப் பாட்டிக்கு இருந்த உரிமையில் நமக்கும் ஒரு துளி உண்டென்று துணிந்து எழுதுகிறேன். எம்டன் சென்னையைச் சுட்டதும், சுபேதார் சுப்பிரமணியனின் ஜார்ஜ் சிலுவையும் இம்மலரைக் கையில் எடுப்போர் அறியாதவை அல்ல; ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

புறநானூற்றின் 95ஆம் பாட்டு என் நெஞ்சுக்கு நெருக்கமானது. அதியமானின் தூதாக வந்த ஔவைக்குத் தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டுகிறான். அங்கே எல்லாம் பீலியும் மாலையும் நெய்ப் பளபளப்புமாக இருக்கின்றன. எம் மன்னனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள் அவள். புகழ்வதுபோல் பழித்தது என்று வகுப்பில் சொல்லி முடித்துவிடுவோம். எனக்கோ அதில் ஒரு படைக்கல வரலாறே தெரிகிறது. களம் கண்ட ஆயுதத்தில் அலங்காரம் நிற்பதில்லை.

என்பீல்டு துப்பாக்கி

ஜேம்ஸ் பாரிஸ் லீ வகுத்த போல்ட், லண்டனுக்கு வடக்கே என்பீல்டு ஆலையின் குழல். இரண்டும் சேர்ந்ததே லீ என்பீல்டு, நம் வழக்கில் ‘த்ரீ நாட் த்ரீ’. 1907இல் வந்த அதன் மூன்றாம் மார்க்கில் மேகசினுக்குப் பத்துத் தோட்டா. ஜெர்மானியரின் மாசரில் ஐந்துதான். கட்டையின் இடப்புறம் 2,000 கஜத்துக்கு அப்பாலும் கூட்டமாகச் சுடுவதற்கென்று ஒரு வட்டக் குறிமுள் இருந்தது. மேகசினை மூடி, ஒற்றைத் தோட்டாவாகப் போட்டுச் சுட வைக்கும் ‘கட்-ஆஃப்’ தகடும் உண்டு. தொண்டைமானின் பீலி போன்றவை இவை! முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் எதிரி சில நூறு கஜத்தில் இருந்தான். ஆலைகளுக்கோ கேட்ட எண்ணிக்கையில் செய்து கொடுக்க முடியவில்லை. 1916இல் இரண்டையும் நீக்கி, பெயரோடு ஒரு நட்சத்திரக் குறியைச் சேர்த்தார்கள்.

மோன்ஸ் களத்தில் இந்தச் சூட்டை ஜெர்மானியர் இயந்திரத் துப்பாக்கி என்று மயங்கினர் என்பார்கள். சற்று ஊதிய கதை என்றே எனக்குப் படுகிறது. நிமிடத்துக்குப் பதினைந்து முறை குறிபார்த்துச் சுட்ட பயிற்சி உண்மை.

நம்மவர் 1914இல் மார்செய் துறைமுகத்தில் இறங்கியதும் கொண்டுபோன துப்பாக்கிகளைக் கொடுத்துவிட்டுப் புதியவற்றை வாங்கிக்கொண்டார்கள். பழகாத ஆயுதத்தோடு பழகாத குளிரில் நின்றார்கள். அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தின் ஹொல்லபெக்கில், அதிகாரி காயம்பட்டு, மற்றொரு துப்பாக்கியும் குண்டில் சிதைந்த பிறகு, சிப்பாய் குதாதாத் கான் காயத்தோடு தம் இயந்திரத் துப்பாக்கியை இயக்கினார். உடனிருந்த ஐவரும் மடியும்வரை நிறுத்தவில்லை. விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்தியப் படைவீரர் அவரே. ‘படைமாட்சி’யின் பத்துக் குறளிலும் வள்ளுவப் பெருந்தகை ஆயுதத்தின் கூர்மையைப் பாடவில்லை; நிலைகுலையாத நெஞ்சையே பாடினார். அந்த அதிகாரத்துக்கு இதைவிட நல்ல உரை உண்டோ!

இரண்டாம் போர்

செக் நாட்டு வடிவத்திலிருந்து பிறந்த பிரென் இயந்திரத் துப்பாக்கி, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் அமெரிக்கரின் கேரண்ட், ஜெர்மானியரின் குறுந்தோட்டாத் துப்பாக்கி என்று வரிசை நீளும். ஆனால் ஸ்டென் என்ற சிறு இயந்திரத் துப்பாக்கியை விட மனமில்லை. டன்கர்க்கில் தளவாடங்களைப் பறிகொடுத்த பிரிட்டன் 1941இல் குழாயையும் தகட்டையும் பற்றவைத்துச் செய்தது அது. அதன் மூன்றாம் மார்க்கைச் செய்துகொடுத்தது லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பொம்மைக் கம்பெனி. கொல்லன் பட்டறை மீண்டும் வென்றது.

வங்கத்து இச்சாப்பூர் ஆலை த்ரீ நாட் த்ரீயை விடுதலைக்குப் பின்னும் செய்தது. கிரீடம் இருந்த இடத்தில் அசோகச் சிங்கங்கள் ஏறின. 1962இல் சீனரை எதிர்த்து நம் வீரர் ஏந்தியதும் அதுவே. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாளில்தான் விடைகொடுத்தது. என்.சி.சி. அணிவகுப்பில் பழைய ரைஃபிள் கைக்கு வந்தால், போல்ட் பிடிக்குக் கீழே பொறித்திருக்கும் ஆலை, ஆண்டு, நட்சத்திரக் குறி மூன்றையும் நம் வீட்டுப் பிள்ளைகள் படித்துப் பார்க்கட்டும்.