சீதோஷ்ண நிலை மாற்றம்: ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரம்

சீதோஷ்ண நிலை மாற்றம் என்பது ஒரு பிரதேசத்தின் வெப்பம், மழை, காற்று, ஈரம் ஆகியவற்றின் நெடுங்காலச் சராசரியில் ஏற்பட்டு நிலைத்துவிடும் மாறுதலாகும். ஒரு நாள் வெயில் கொளுத்துவதும் ஒரு மாதம் மழை பொய்ப்பதும் வானிலையைச் சேர்ந்தவை. முப்பதாண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்க்கும்போது புலப்படுவதே சீதோஷ்ண நிலை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் கர்நாடக எல்லையை ஒட்டியுள்ள ஓசூரும், அதற்குக் கிழக்கே தாழ்ந்து செல்லும் கிருஷ்ணகிரிச் சீமையும் இம்மாற்றத்தின் காரணத்தையும் காரியத்தையும் ஒருங்கே காணத்தக்க இடங்களாகும்.

காரணங்கள்

சூரிய ஒளியால் சூடேறும் பூமி, அவ்வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக வெளியிடுகிறது. கரியமில வாயு, மீதேன், நீராவி முதலியன அக்கதிர்களை ஓரளவு உட்கொண்டு போர்வைபோல் காப்பதனாலேயே ஜீவராசிகள் வாழ்கின்றன. போர்வை தடித்துப் போவதுதான் அபாயம். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதாலும் காடுகளை அழிப்பதாலும், பத்து லட்சம் பங்கு காற்றில் முன்பு சுமார் 280 பங்காயிருந்த கரியமில வாயு 2024-இல் 420 பங்கைக் கடந்துவிட்டது. கரியமில வாயு பெருகினால் பூமியின் உஷ்ணம் எவ்வளவு உயரும் என்பதை ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி அர்ரீனியஸ் 1896-லேயே கணித்துக் காட்டினார்.

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியபின், லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்யும் நகரமாக ஓசூர் வளர்ந்தது. ஆலைகளை ஓட்டும் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கும், பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவு பகலாக ஓடும் வாகனங்களின் டீசல் புகையும் அப்போர்வையின் இழைகளே.

விளைவுகள்

கிருஷ்ணகிரியின் பெருஞ்செல்வம் மா. மார்கழி, தை மாதங்களின் இரவுக் குளிரும் வறண்ட வானமும் கூடினால்தான் மாங்கிளையின் நுனி பூங்கொத்தாகும். குளிர் போதாதபோது அதே நுனி தளிராகிவிடும். பூத்த பின்னரும் பருவந்தவறிய மழை பெய்தால் பூ உதிரும். தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சுவதால் இலைகளில் பிசுபிசுப்புப் படியும். கிளிமூக்கு மாங்காயைக் கூழாக்கும் ஆலைகளுக்குக் காய் வரத்துக் குறைவதன் ஆரம்பம் பல சமயம் அந்த ஒரு கிளை நுனியிலேதான். ஓசூரின் பசுமைக்குடில்களில் வளரும் ரோஜாவும் இவ்விதமே. உஷ்ணம் மிகுந்தால் மொட்டு சிறுத்து, வெட்டுவதற்குரிய நாளுக்கு முன்பே விரிந்துவிடும்.

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் மிகும். ஆகவே, மழை பெய்யும்போது வெள்ளமாய்க் கொட்டும் வாய்ப்பும் பெருகும். 2024 டிசம்பர் 2-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயலின் எச்சத்தால் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரி மழையில் இது பாதிக்கும் மேல். சாலையோரம் நின்ற வேன்களும் கார்களும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. ஒரு மழையை மட்டும் சாட்சியாக்கித் தீர்ப்புக் கூறலாகாது. எனினும் இத்தகைய மழை அடிக்கடி நேரும் என்பதே விஞ்ஞானிகளின் முடிவு.

ஒரு வேறுபாடு

நந்தி மலையில் உற்பத்தியாகி எல்லை கடந்து வரும் தென்பெண்ணையின் நீர், கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரையாய்ப் பொங்குவதை மாணவர் பலர் கண்டிருப்பர். அது கழிவுநீரால் நேரும் மாசு. சீதோஷ்ண நிலை மாற்றமன்று. எனினும் மழை தவறி ஆற்றில் நீர் குறையுங்கால், அதே கழிவு மேலும் செறிவடைகிறது.

பரிகாரம்

சூரிய ஒளியிலும் காற்றிலும் மின்சாரம் பெறுதல், ஏரிகளைத் தூர்வாரி மழைநீரைத் தேக்குதல், மேலகிரிக் காடுகளைக் காத்தல், நீர் குறைவாக வேண்டும் கேழ்வரகைப் பேணுதல் ஆகியவை இவ்வட்டாரத்திற்கு ஏற்ற வழிகள். மின்சார ஸ்கூட்டர்களும் இங்கேயே தயாராகின்றன; அவற்றுக்கு ஊட்டும் மின்சாரமும் நிலக்கரியை விட்டு அகன்றால்தான் பயன் முழுமையாகும். கரியமில வாயுவின் நிகர வெளியீட்டை இல்லாமற் செய்ய இந்தியா குறித்துள்ள ஆண்டு 2070. 2025-இல் பதினைந்து வயதான மாணவருக்கு அப்போது அறுபது வயதாகும்.