பட்டிப்பளையாற்றில் முகாமைப் பயிற்சி

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த வயல்வட்டைகளில் நீர்ப்பங்கீட்டை மேற்பார்த்தவர் வட்டவிதானையார். அவர் பயின்ற கல்விச்சாலை வாய்க்கால் வரம்பேயாகும்.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. வாவிக்குத் தென்மேற்கே இங்கினியாகலையில் பட்டிப்பளையாறு மறிக்கப்பட்டது. புதிய வாய்க்கால்களின் முகாமை பொறியியலாளர் கைப்பட்டது. அணையெழுப்பும் அறிவு அவர்களிடம் நிறைந்திருந்தது. தலைமடையாரையும் கடைமடையாரையும் இணக்குவிக்கும் பயிற்சியோ அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. காலப்போக்கில் வாய்க்கால்கள் சிதைந்தன. கடைமடைக்கு நீர் எட்டாதாயிற்று.

1979இல் தொடங்கிய இடதுகரைப் புனரமைப்பு இக்குறையை உணர்ந்தது. கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் பட்டதாரி இளைஞரைப் பயிற்றி, 1981இல் கிராமங்களுக்கு அனுப்பின. கட்டளையிடுதல் அவர்தம் பணியன்று. கமக்காரரின் குறை கேட்டு, ஒரே வாய்க்காலில் நீர் பெறுவோரை ஒன்றுகூட்டுதலே பணியாகும். குளத்தில் நீர் குன்றியிருந்த அவ்வாண்டிலேயே தலைமடையார் தாம் சேமித்த நீரைக் கீழே விட்டனர். தலைமடையார் பெரும்பாலும் சிங்களவர். கடைமடையாருள் தமிழரும் இருந்தனர். 1956இல் இனக்கலவரம் கண்ட மண்ணில் இது சிறு செய்தியன்று.

1984இல் நாட்டின் பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களுக்குத் திட்ட முகாமையாளர் நியமிக்கப்பட்டனர். கமக்காரரோடு கூடியிருந்து முடிவெடுத்தல் அவர்தம் கடமையாயிற்று. வட்டவிதானையார் வரம்பிலே கற்ற பாடத்தை, புதிய முகாமை பயிற்சிக்கூடத்தின் வழியாக மீளக் கற்றது எனலாம்.